மாப்பிள்ளையின் கண்ணில் படாதவள்

மாப்பிள்ளை கிளம்புவதற்கு ஒன்பது காரியங்கள் ஒத்துவர வேண்டும். காற்று அடங்கியிருக்க வேண்டும். பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், ஆனால் சூடாகியிருக்கக் கூடாது. பதினாறு செயற்கைக்கோள்களாவது அகப்பட வேண்டும். கடலோரப் பகுதி என்பதால் அன்றன்றைக்கான அனுமதி போனில் வந்திருக்க வேண்டும். கம்பெனிக்காரன் முந்தின நாள் அப்டேட் எதையும் அனுப்பியிருக்கக் கூடாது. மீதி நான்கும் நாளுக்கு நாள் மாறும் என்பதால் எனக்கே மனப்பாடம் இல்லை.

மாப்பிள்ளை என்பது என் டிரோன். பெயர் வைத்தவள் என் மனைவி சுகந்தி. "வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும், வெயில்ல நிறுத்தக் கூடாது, கொஞ்சம் காத்தடிச்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். இது மாப்பிள்ளை இல்லாம வேற என்னவாம்?" என்றாள். வேதாரண்யத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் டிரோன் இல்லாமல் கல்யாண ஆர்டர் பிடிக்க முடியாது என்ற நிலைமை வந்தபோது வாங்கினேன். அந்தக் காசுக்கு நல்ல பைக் ஒன்று வாங்கி அதற்குப் பெட்ரோலும் போட்டிருக்கலாம். ஒரு இறக்கை உடைந்தால் சென்னைக்கு அனுப்ப வேண்டும். மூன்று வாரம் கழித்து இறக்கை சரியாகி வரும், கேமரா வேலை செய்யாது. இப்படியாக நான்கு வருஷம் குடும்பம் நடத்திவிட்டோம்.

வாங்கிய புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். இந்தக் கதையே அதில்தான் தொடங்குகிறது.

ஒரு சாயங்காலம் சும்மா பறக்கவிட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சுகந்தி ஒரு குரங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் குரங்குக்குப் பஞ்சமில்லை. நைட்டியை வரிந்து கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் துடைப்பமும் மறுகையில் வடகத் துணியின் ஒரு முனையுமாக அவள். துணியின் மறுமுனை குரங்கிடம். நான் பாட்டுச் சேர்த்து என் சேனலில் போட்டுவிட்டேன். மூன்று நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். அவள் வேலை பார்க்கும் உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர் முதல் லோடு ஏற்றுகிறவர் வரை அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். ஒருவன் அவள் காதுபடவே "குரங்கம்மா வந்தாச்சு" என்றானாம். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் சண்டை போடவில்லை. படத்தை எடுத்துவிடச் சொன்னாள். நான் எடுப்பதற்குள் அது நூறு இடத்துக்குப் போயிருந்தது.

அந்த வருஷம்தான் காண்மறுப்புச் சட்டம் வந்தது. டிரோனை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு மாடியையும் லேடீஸ் ஹாஸ்டலையும் மேய்ந்த மகானுபாவர்களின் புண்ணியத்தில் வந்த சட்டம். யாருக்குத் தன்னை டிரோன் படம் பிடிக்க வேண்டாமோ, அவர் இ-சேவை மையத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம். முகம், உயரம், நடை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு விற்கிற எந்த டிரோனும், ஏற்கெனவே விற்ற எந்த டிரோனும் அவரைக் காட்டாது. முகத்தை மட்டும் மங்கலாக்குகிற வேலை இல்லை. ஆளையே எடுத்துவிட்டு, பின்னால் என்ன இருக்கிறதோ அதை நிரப்பிவிடும். கேமராவுக்குள்ளேயே நடந்துவிடும் என்பதால் அப்புறம் எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது.

சுகந்தி முதல் வாரமே போய்ப் பதிந்துவிட்டு வந்தாள்.

அதன் அருமை எனக்கு எங்கள் மகள் தர்ஷினியின் காதுகுத்தில்தான் தெரிந்தது. சடங்கு முடிந்ததும் சுகந்தி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தாள். படத்தைப் போட்டுப் பார்த்தால், மொட்டைத் தலையும் சந்தனமுமாக என் மகள் தரைக்கு மூன்றடி மேலே அழுதுகொண்டே தனியாக மிதந்து போகிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட நீ படத்துல இல்ல. ரத்து பண்ணித் தொலையேன்" என்றேன்.

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருந்தா, நான் போய் எழுதிக் குடுத்திருக்கவே மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. கல்யாணம் கச்சேரி என்று மாப்பிள்ளை எடுத்த குடும்பப் படம் எதிலும் அவள் இல்லை. போகப் போக அதுவும் பழகிவிட்டது.

இனி அந்த வைகாசிப் பௌர்ணமிக்கு வருகிறேன்.

சுகந்திக்கு உப்பளத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலை. பாத்தி பாத்தியாகப் போய் உப்புநீர் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு வர வேண்டும். மத்தியானம் மூன்றரைக்கு அன்சாரி பாய் போன் செய்தார். அவர் அந்தக் கம்பெனியில் டிராக்டர் ஓட்டுகிறார். எனக்குப் பள்ளிக்கூட நாள் முதல் பழக்கம்.

"மூர்த்தி, பதறாம கேளு. தங்கச்சியோட வண்டி கொட்டகையில நிக்குது. ஆளைக் காணோம். ரெண்டு மணிக்கு உள்ள போனது."

"போன் பண்ணிப் பாத்தீங்களா பாய்?"

"அடிக்கவே இல்ல. கடத்தண்ணி ஏறி வருது. தெக்கால ரெண்டு வரப்பு ஒடைஞ்சிருச்சு. டிராக்டர் போகாது. ஆளுங்க நடந்துதான் தேடறாங்க. உன் மாப்பிள்ளையைத் தூக்கிட்டு வா."

போனேன். இரண்டாயிரம் ஏக்கர் உப்பளம். வெயிலில் வெள்ளை வெளேரென்று கண் கூசியது. தீயணைப்பு வண்டியும் அவர்களுடைய தேடுதல் டிரோனும் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டுவிட்டன, வந்து சேர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். தண்ணீர் அதுவரை காத்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

மாப்பிள்ளை அனுமதி கேட்டது. எதற்காகப் பறக்கிறாய் என்று போனில் ஒரு பட்டியல் வந்தது: திருமணம், விவசாயம், நில அளவை, பொழுதுபோக்கு. மனைவியைக் காணோம் என்று அதில் ஒன்றும் இல்லை. திருமணம் என்று தொட்டேன். "வாழ்த்துக்கள்!" என்று பூப்போட்டுக் காட்டிவிட்டு அனுமதி தந்தது.

மேலே ஏறியது. இருபத்தொரு நிமிஷம் பறக்கும். கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்தேன். உடைந்த வரப்பு, பாத்திக்குள் பாயும் கலங்கல் தண்ணீர், கொக்குகள், தூரத்தில் தேடிக்கொண்டு போகிற நாலு பேர். அவர்கள் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. வாய்க்காலை ஒட்டியே ஓட்டினேன். முதல் மதகு, இரண்டாவது மதகு, மூன்றாவது மதகு. மூன்றாவது மதகில் ஒரு சிமெண்ட் பலகை சரிந்து கிடந்தது. அதற்கு மேலே நிறுத்தி நன்றாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்போது பேட்டரி குறைவு என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி குறைந்தால் மாப்பிள்ளை யார் பேச்சையும் கேட்காது, புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்பிவிடும். திரும்பிவிட்டது.

"தெரிஞ்சுதா?" என்றார் பாய்.

"இல்ல பாய். மூணாவது மதகு வரைக்கும் யாருமே இல்ல. அடுத்த பேட்டரியில மேற்குப் பக்கம் பாக்கிறேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "தங்கச்சி அந்தப் பதிவை ரத்து பண்ணிருச்சுல்ல?"

மறந்தே போய்விட்டேன். அவள் திரையில் தெரியவே மாட்டாள் என்பதை மறந்து இருபது நிமிஷமாக அவளைத் திரையில் தேடியிருக்கிறேன். மூன்று வருஷமாக அவள் இல்லாத படத்தைப் பார்த்துப் பார்த்து, அவள் இல்லாமலிருப்பதுதான் என் கண்ணுக்கு இயல்பாக இருந்திருக்கிறது. இதைவிடப் பெரிய முட்டாளை நான் பார்த்ததில்லை.

உதவி எண்ணுக்குப் போட்டேன். பாட்டெல்லாம் முடிந்து ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், மறுப்பை ரத்து பண்ணணும்னா பதிஞ்சவங்க நேர்ல வந்து முகம் காட்டணும்."

"அவளைத்தாம்மா தேடிக்கிட்டு இருக்கேன்!"

"புரியுது சார். போலீஸ் மூலமா அவசர விலக்கு வாங்கலாம். இப்பவே போட்டாலும் நாளைக்குக் காலையிலதான் கிடைக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், வேற யாரோட டிரோனாவது பக்கத்துல இருக்கா?"

"அதுவும் இதே சட்டம்தானே?"

"சட்டம் ஒண்ணுதான். ஆனா அவ்வளவு உயரத்துல இருந்து புது டிரோனுக்கு அவங்களை அடையாளம் தெரியாது. அதனால மறைக்காது. உங்களோடது வீட்டு டிரோன். தினமும் பாத்துப் பழகின உடம்பு. குனிஞ்ச முதுகை வச்சே கண்டுபிடிச்சு மறைச்சிரும்."

பக்கத்தில் இருக்கிற இன்னொரு டிரோன் திருத்துறைப்பூண்டியில், என் தொழில் எதிரியிடம். அவன் கிளம்பி வரவே ஒரு மணி நேரம். போன் செய்தேன், உடனே புறப்படுகிறேன் என்றான், பாவம். நேரம் நாலேகால் ஆகியிருந்தது. கொட்டகை வாசல் வரை தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

எடுத்த படத்தை மறுபடி ஓட்டினேன். ஆளைத் தேடாதே, ஆளை எடுத்த இடத்தைத் தேடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருஷமாகப் படத்தை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவன் நான். ஒட்டுப் போட்ட இடம் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் மாப்பிள்ளை ஒட்டுப் போட்டது தெரியவே இல்லை. வரப்பு வரப்பாகவும் தண்ணீர் தண்ணீராகவும் இருந்தது.

மூன்றாவது மதகு வந்தது. சரிந்த பலகை. அதற்குக் கிழக்கே வெள்ளை உப்பின் மேல் கருப்பாக ஒரு கோடு. கம்பியோ கட்டையோ என்று முதல் தடவை விட்டுவிட்டிருக்கிறேன். கம்பி ஆடுமா? அது ஆடியது. நிறுத்திப் பெரிதாக்கினேன். நீளமான ஒரு நிழல். தலை, தோள், தோளுக்கு மேலே தூக்கிய கை. வரப்பில் யாரும் இல்லை. ஆளே இல்லாமல் நிழல் மட்டும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பாய், மூணாவது மதகு!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையைத் தரையில் அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். பாய் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். இடுப்பளவுத் தண்ணீரில் கால் மணி நேரம் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது, சுகந்திக்குக் கழுத்துக்கு மேலே மட்டும்தான் வெளியே இருந்தது. மதகைத் தாண்டும்போது பலகை சரிந்து வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. போன் எப்போதோ தண்ணீரில் போய்விட்டது. பாய் முங்கிக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். நான் அவளைத் தாங்கிக்கொண்டேன். கால் வந்தபோது அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கரையில் கிடத்திய பிறகு அவள் முதலில் சொன்னது இதுதான்.

"நேரா என் தலைக்கு மேல வந்து நின்னுதுங்க. நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சேன். கையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு."

நான் அழுதுவிட்டேன். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் நல்லவன். முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காலில் மாவுக்கட்டுப் போட்டு நாலாவது நாள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தை இரண்டு நிமிஷத்துக்கு வெட்டினேன். வெள்ளை உப்பில் தனியாக ஆடும் நிழல். பார்த்தவுடன் மயிர்க்கூச்செறியும். அவள் முகம் இல்லை, உடம்பு இல்லை. சட்டப்படி தப்பே இல்லை. சேனலில் போட்டேன். ஆறு லட்சமெல்லாம் தூசி. டிவிக்காரர்கள் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடமே எடுத்தேன். "மத்தியானம் பறக்கவிட்டா பிரயோஜனம் இல்லீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல விடுங்க. ஆளை மறைக்கும், நெழலை மறைக்காது."

வீட்டில் காலை நீட்டிப் படுத்தபடி சுகந்தி அதை டிவியில் பார்த்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். நல்லதுக்குத்தானே சொல்கிறேன், இன்னொரு உயிர் பிழைக்கட்டுமே என்றேன். நான் அப்போது அதை நம்பவும் செய்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஸ்டுடியோ நம்பருக்கு ஒரு போன் வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன், சுகந்தி எடுத்தாள். ஒரு பெண். பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. சுகந்தி ஸ்பீக்கரில் போட்டு, ஈரத் துண்டோடு வந்த என்னை உட்காரச் சொன்னாள்.

"மூணு வருஷமா என்னைக் கட்டின ஆளு கண்ணுல படாம இருந்தோங்க, நானும் எம்பொண்ணும். ரெண்டு பேருமே பதிஞ்சு வச்சிருந்தோம். எம்பொண்ணுக்கு வலது கால் சாச்சு சாச்சு நடக்கும். அந்த நடையை வச்சே எந்த டிரோனும் அவளைக் காட்டாது. ஆனா நெழலும் அப்படித்தானே நடக்கும்? உங்க வீடியோவைப் பாத்துட்டு அவரு ஊர் ஊரா சாயங்காலத்துல பறக்கவிட்டிருக்காரு. பதினோராவது நாள் வாசல்ல வந்து நின்னாரு."

சுகந்திதான் கேட்டாள். "இப்ப எப்படிம்மா இருக்கீங்க?"

"பக்கத்து வீட்டுக்காரங்க வந்ததால தப்பிச்சோம். அன்னைக்கே ஊரை விட்டுட்டோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் போச்சு. சண்டை போட கூப்பிடலைங்க. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியணும்ல, அதான்." பிறகு அவளே கேட்டாள். "உங்களுக்குக் கால் எப்படி இருக்கு?"

"ஊனிக்கிட்டு நடக்கிறேன்."

"நல்லா பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்று இரவே சேனலை மூடினேன். மூடி என்ன? போனது போனதுதான். அவள் மாதிரி இன்னும் எத்தனை பேர் என்னைக் கூப்பிடாமல் இருக்கிறார்களோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அப்டேட் வந்தது. கட்டாயம் என்று சிவப்பில் போட்டிருந்தது. போடாவிட்டால் மாப்பிள்ளை தரையை விட்டு எழும்பாது. "காண்மறுப்புப் பதிவு செய்தவர்களின் நிழல், நீரிலும் கண்ணாடியிலும் தெரியும் பிம்பம் ஆகியவையும் இனி முழுமையாக நீக்கப்படும்." என் கை போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, மாப்பிள்ளை என்ன கேக்கறாரு?" என்றாள் சுகந்தி.

காட்டினேன். படித்தாள்.

"போட வேண்டியதுதானே?"

"மறுபடியும் எங்கேயாவது மாட்டிக்கிட்டா? அன்னைக்கு அந்த நெழல் இல்லேன்னா நீ இன்னைக்கு இல்ல சுகந்தி. இதைப் போடறதா இருந்தா உன் பதிவையாவது எடுத்துரு. உன் கால்ல வேணாலும் விழறேன்."

"எந்தக் கால்ல? ஒரு காலு இப்பத்தான் ஒட்டியிருக்கு." சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எனக்கும் அந்தத் தண்ணி கனவுல வருதுங்க. பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் புள்ள நடையை நினைச்சுப் பாத்தீங்களா? நான் மாட்டிக்கிட்டா பாய் வருவாரு, நாலு பேரு வருவாங்க. நீங்க அதுல பாக்காம, நடந்து வந்து பாருங்க. அது போதும்."

போனை என் கையிலிருந்து வாங்கி அவளே தொட்டாள். நாற்பது நிமிஷம் பிடித்தது. நடுவில் ஒரு தடவை நின்றுபோய் முதலிலிருந்து ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஆயிற்றே.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவில் நின்று சரிபார்க்கப் பறக்கவிட்டேன். சுகந்தி கைத்தடியோடு மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்கலாமா என்று கீழேயிருந்தே கேட்டேன். "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்றாள். மாப்பிள்ளை மாடிக்கு மேலே போய் நின்றது. திரையில் சிமெண்ட் தரை, கொடிக்கயிறு, விரித்த துணி, துணியில் வடகம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் தரையில் நீளமாகக் கிடந்தது. கொடிக்கயிற்றின் நிழல்கூட இருந்தது. வேறொன்றும் இல்லை. அங்கே இங்கே என்று திருப்பினேன், தாழ இறக்கினேன், பெரிதாக்கினேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாடி காலியாகவே இருந்தது. ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறதா என்று என் பதினெட்டு வருஷ அனுபவத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு தேடினேன்.

பிறகுதான் திரையை விட்டுக் கண்ணை எடுத்து அண்ணாந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சுகந்தி என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக ஆட்டிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.